கறை போகட்டும், இழை இருக்கட்டும்: முகப்படங்களில் தோலை இயல்பாகத் திருத்துவது

ஸ்டுடியோவுக்குப் படம் எடுத்துக்கொள்ள வருபவர்கள் இரண்டு வேண்டுகோள்களை ஒரே மூச்சில் சொல்வார்கள். "கொஞ்சம் ஸ்மூத் பண்ணிடுங்க" என்பது முதலாவது; "ஆனா நேச்சுரலா இருக்கணும்" என்பது இரண்டாவது. இவை ஒன்றோடொன்று மோதுகின்றன என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. தொழிலில் இருக்கும் எங்களில் பலருக்கும் தோன்றுவதில்லை. 'ஸ்மூத்' என்பது ஏதோ ஒரு குமிழ் போலவும், அதை முழுக்கத் திருகினால் பிளாஸ்டிக் பொம்மையும் பாதி திருகினால் இயல்பான முகமும் வரும் என்பது போலவும் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. வழவழப்பாக்குவதையே அளவு குறைத்துச் செய்தால் அது இயல்பான திருத்தமாகிவிடாது என்பதையும், இரண்டும் அடிப்படையிலேயே வேறு வேலைகள் என்பதையும், படத்திருத்த மென்பொருளை இதுவரை திறந்தே பார்க்காதவருக்கும் புரியும்படி விளக்க முயல்கிறேன்.

தொடங்குமுன் ஒரு சொல். எடுத்து முடித்த படத்தில் பிறகு உட்கார்ந்து செய்யும் திருத்தத்துக்கு ரீடச்சிங் என்று பெயர். அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் 'டச்சிங்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இக்கட்டுரையில் தோலைத் திருத்துவதை மட்டுமே அந்தச் சொல்லால் குறிப்பிடுகிறேன். மூக்கைச் சிறிதாக்குவது, இடுப்பை ஒடுக்குவது போன்றவை இங்கே பேச்சில் இல்லை.

## பட்டி பார்த்த சுவர்

புது வீட்டில் பட்டி வேலை முடிந்ததும் பெயிண்டர் ஒரு காரியம் செய்வார். எரியும் பல்பை ஒயரோடு கையில் எடுத்துச் சுவரை ஒட்டினாற்போல் பிடித்து, பக்கவாட்டில் வெளிச்சம் ஓடும்படி மெல்ல நகர்த்திக்கொண்டே போவார். அதுவரை தாள் போலத் தெரிந்த சுவரில் மேடு பள்ளமெல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். சுவர் அதேதான், வெளிச்சம் வந்த திசை மட்டுமே மாறியிருக்கிறது.

முகமும் இப்படிப்பட்ட ஒரு பரப்புதான். தோலில் மயிர்த்துளைகள், மெல்லிய வரிகள், பூனைமயிர், பருவின் சிறு மேடு எல்லாம் உண்டு. ஒளி ஒரு பக்கத்திலிருந்து, அதுவும் சிறிய விளக்கிலிருந்து வந்தால், ஒவ்வொரு மேட்டுக்கும் கூர்மையான ஒரு நிழல் விழுந்து அது இரட்டிப்பாகத் தெரியும். அகலமான ஜன்னலிலிருந்தோ, குடை விளக்கிலிருந்தோ பரவலாக வந்தால் நிழல்களின் ஓரம் கரைந்து, அதே தோல் அமைதியாகத் தெரியும். ஆகவே ரீடச்சிங்கின் முதல் பாதி படம் எடுக்கும்போதே நடந்துவிடுகிறது. வெயில் நேராக விழும் ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டி, அதன் முன் ஆளை உட்கார வைத்து எடுத்த படத்தில், பிறகு கணினியில் செலவிட வேண்டிய நேரம் பாதியாகக் குறைந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நெற்றியிலும் மூக்கிலும் வழியும் எண்ணெயை ஒரு மெல்லிய காகிதக் கைக்குட்டையால் ஒற்றி எடுப்பதும் அத்தகையதே: பத்து நொடி வேலை, பின்னால் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

## துணியில் கறை, துணியில் நெசவு

வெள்ளைக் கைத்தறிச் சட்டையில் சாம்பார் சிந்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சட்டையில் இப்போது இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று நெசவு: நூலும் ஊடும் பாவும் சேர்ந்து உண்டாக்கும் நுண்ணிய சொரசொரப்பு. மற்றது கறை: அந்த நெசவின் மேல் படிந்த மஞ்சள் நிறம். துவைப்பவரின் வேலை கறையைப் போக்குவது. நூலைத் தேய்த்து மொழுக்கென்று ஆக்குவது யாருடைய வேலையும் இல்லை. கறை போகும்வரை கல்லில் அடித்து நூலையே பிய்த்துவிட்டால், 'துணி சுத்தமாகிவிட்டது' என்று எவரும் மகிழமாட்டார்கள்.

தோலையும் இப்படியே இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மயிர்த்துளையும் நுண்வரியும் சேர்ந்த சொரசொரப்பை டெக்ஸ்சர் என்பார்கள். இனி இதை 'இழை' என்று சொல்கிறேன். அந்த இழைக்கு அடியில் பரந்து கிடக்கும் வெளிச்ச அளவும் நிறமும் சேர்ந்தது டோன். கண்ணுக்குக் கீழே கருவளையம், கன்னத்தில் மங்கு, பரு ஆறிய இடத்துக் கறுத்த திட்டு, மூக்கோரச் சிவப்பு ஆகியவை எல்லாம் டோனில் நேர்ந்த மாற்றங்கள். அந்த இடங்களிலும் இழை பெரும்பாலும் சேதமில்லாமல்தான் இருக்கிறது.

ஒருவரின் படத்தைப் பார்த்து 'முகம் ஏதோ சோர்ந்திருக்கிறதே' என்று நமக்குத் தோன்றினால், அநேகமாக எப்போதும் அதற்குக் காரணம் டோனில் உள்ள திட்டுகள்தான். மயிர்த்துளையைப் பார்த்து அப்படி நினைத்தவரை நான் கண்டதில்லை.

இதுவரை வந்ததை ஒருமுறை சேர்த்துப் பார்ப்போம். ஒளியின் திசையும் அகலமும் தோலின் தோற்றத்தைத் தீர்மானிக்கின்றன. படத்தில் உள்ள தோல் 'இழை', 'டோன்' என்ற இரண்டு அடுக்குகளைக் கொண்டது. கண்ணை உறுத்துவது பெரும்பாலும் டோன். தோலைத் தோலாகக் காட்டுவது இழை.

## வழவழப்பு எதைக் கொல்கிறது, எதை விட்டுவைக்கிறது

இனி உண்மையான இயக்கத்துக்கு வருவோம். டிஜிட்டல் படம் என்பது பிக்சல் எனப்படும் சிறு கட்டங்களின் தொகுப்பு. சாதாரணப் படக்கோப்பில் ஒவ்வொரு கட்டத்தின் வெளிச்சமும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாக எழுதப்பட்டிருக்கும். 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. நிறத்துக்காக மூன்று எண்கள் உண்டு என்றாலும், இங்கே புரிந்துகொள்ள ஒன்றே போதும்.

கன்னத்தில் நன்றாக இருக்கும் ஓர் இடத்தில் வரிசையாக ஐந்து பிக்சல்களை எடுத்தால் 120, 126, 118, 124, 122 என்று இருக்கிறது என்போம். இவற்றின் சராசரி 122. சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் விலகும் அளவு −2, +4, −4, +2, 0. இந்தச் சராசரிதான் டோன். இந்த விலகல்கள்தான் இழை. சற்றுத் தள்ளி, பரு ஆறிய கறுத்த திட்டில் இன்னொரு ஐந்து பிக்சல்கள்: 102, 108, 100, 106, 104. சராசரி 104, விலகல்களோ அதே −2, +4, −4, +2, 0. விளக்கத்துக்காக நான் வேண்டுமென்றே ஒரே மாதிரி அமைத்திருக்கிறேன். ஆனால் உண்மையான தோலும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொள்கிறது.

வழவழப்பாக்கும் கருவி செய்வது சராசரி எடுப்பது. இதை மங்கலாக்குதல் என்றும் பிளர் என்றும் சொல்வார்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் அதன் அக்கம்பக்கத்துப் பிக்சல்களின் சராசரியைக் கொடுத்துவிடுவதே அதன் செயல். நல்ல இடத்தின் ஐந்து பிக்சல்களும் 122 ஆகிவிடும். திட்டின் ஐந்து பிக்சல்களும் 104 ஆகிவிடும். இப்போது என்ன நடந்திருக்கிறது என்று கவனியுங்கள்: இழை இரண்டு இடத்திலும் அழிந்துவிட்டது, திட்டோ அப்படியே இருக்கிறது. போக வேண்டியது போகவில்லை, இருக்க வேண்டியது போய்விட்டது.

சரியான திருத்தம் இதற்கு நேர்மாறானது. திட்டில் உள்ள ஒவ்வொரு பிக்சலுக்கும் 18-ஐக் கூட்டினால் 120, 126, 118, 124, 122 கிடைக்கும். திட்டு மறைந்துவிட்டது, ஒரு மயிர்த்துளைகூட இடம் மாறவில்லை. இயல்பான ரீடச்சிங் என்று சொல்லப்படுவதன் உயிர்நாடி இந்தக் கூட்டல் கணக்குதான். மற்றவையெல்லாம் இதை வசதியாகச் செய்ய வந்த கருவிகள்.

அளவுகளை வைத்துப் பார்த்தாலும் இது விளங்கும். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் பொதுவாக 6000×4000 பிக்சல். தோள்வரை தெரியும்படி நெட்டுவாக்கில் எடுத்த படத்தில் முகத்தின் அகலம் ஏறக்குறைய 1,400 பிக்சல் வரும். முகத்தின் உண்மை அகலம் சுமார் 14 செ.மீ. என்பதால், ஒரு மில்லிமீட்டர் தோலுக்கு 10 பிக்சல். மயிர்த்துளை ஓரிரு பிக்சல். பரு 30 அல்லது 40 பிக்சல். கருவளையம் 200 பிக்சலையும் தாண்டும். 5 பிக்சல் சுற்றுவட்டத்தில் சராசரி எடுக்கும் பிளர், மயிர்த்துளையை விழுங்கிவிடும். கருவளையத்தின் அருகில்கூடப் போக முடியாது. அதைக் கரைக்கும் அளவுக்குப் பிளரைக் கூட்டினாலோ மூக்கும் உதடும் சேர்ந்து கரைந்துவிடும்.

கைபேசிகளின் 'பியூட்டி' வசதி இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. அருகருகே சிறிய வேறுபாடு இருக்கும் இடத்தில் சராசரி எடுத்துவிட்டு, இமைமயிர், உதட்டோரம் போன்ற பெரிய வேறுபாடு உள்ள இடத்தை விட்டுவிடுகிறது. அதனால்தான் கண்ணும் புருவமும் கூர்மையாக இருக்க, கன்னம் மட்டும் மெழுகு பூசியது போலாகிறது. சிறிய வேறுபாடுகள் என்று அது எடுத்துக்கொள்வதில் முதலில் சிக்குவது இழைதான். அந்தக் குமிழைப் பாதியாகக் குறைத்தால் பாதி இழை போகும். திட்டு முக்கால்வாசி அங்கேயே நிற்கும்.

## மலைப்பாதையும் ஜல்லிக் கற்களும்

இழையையும் டோனையும் தனித்தனியே கையில் எடுக்க முடிந்தால் நன்றாக இருக்குமே என்ற எண்ணத்தில் பிறந்ததுதான், இன்று எல்லோர் வாயிலும் அடிபடும் ஃப்ரீக்வென்சி செப்பரேஷன் என்னும் முறை. பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை.

ஏற்காடு மலைப்பாதையில் பேருந்து ஏறுகிறது. பாதை ஏறுவதும் இறங்குவதும் ஒருவகை மேடுபள்ளம். அது நிதானமாக, நூறு அடிக்கு ஒருமுறை மாறுகிறது. சக்கரத்தின் அடியில் ஜல்லி தரும் அதிர்வு இன்னொரு வகை. அது அங்குலத்துக்கு அங்குலம் மாறுகிறது. இரண்டும் ஒரே சாலையில்தான் இருக்கின்றன. எத்தனை நெருக்கமாக மாற்றம் நிகழ்கிறது என்பதைத்தான் ஃப்ரீக்வென்சி என்கிறார்கள். பள்ளிப் பாடத்தில் அதிர்வெண் என்று படித்ததும் இதே சொல்தான். முகத்தில் டோன் மலைப்பாதை, இழை ஜல்லி.

செய்முறையில் படத்தை இரண்டு லேயர்களாக்குவார்கள். லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித்தாள் போன்றது. ஒன்றில் கைவைத்தால் மற்றது கெடாது. கீழ் லேயரை மயிர்த்துளைகள் மறையும்வரை மட்டும் பிளர் செய்கிறார்கள். அது சராசரி, அதாவது டோன். மூலப்படத்திலிருந்து அந்தச் சராசரியைக் கழித்து, மீதியை மேல் லேயரில் வைக்கிறார்கள். அது விலகல், அதாவது இழை. இரண்டையும் கூட்டினால் மூலப்படம் அப்படியே திரும்ப வரும். நாம் மேலே போட்ட ஐந்து எண்களின் கணக்கையே கணினி கோடிக்கணக்கான பிக்சல்களுக்குப் போடுகிறது, அவ்வளவுதான். இப்போது கீழ் லேயரில் உள்ள கறுத்த திட்டை அக்கம்பக்கத்து டோனுக்குக் கொண்டுவந்தால், மேலே இழை கலையாமல் இருக்கும். ஃபோட்டோஷாப் மட்டுமல்ல, காசில்லாமல் கிடைக்கும் கிம்ப் மென்பொருளிலும் இதைச் செய்யலாம். 2018-இல் வந்த அதன் 2.10 பதிப்பிலிருந்து படத்தைப் பல அளவுகளாகப் பிரித்துத் தரும் வசதி உள்ளேயே இருக்கிறது.

இந்த முறையைப் பற்றிய தவறான புரிதலும் இங்கேதான் தொடங்குகிறது. 'செப்பரேஷன் போட்டுச் செய்தேன், அதனால் இயல்பாகத்தான் இருக்கும்' என்று சொல்பவர்கள் நிறைய. பிரிப்பது மட்டுமே இயல்பைத் தந்துவிடாது. கீழ் லேயரில் கன்னம் முழுவதையும் சுற்றி வளைத்துத் தாராளமாகப் பிளர் போட்டால், கன்ன எலும்பின் ஒளியும் அதன் கீழுள்ள நிழலும் ஒன்றாகக் கலந்துவிடும். அப்போது மயிர்த்துளை இருக்கும், முகத்தின் வடிவம் இருக்காது. மாவு பிசைந்து உருட்டிய முகத்தின் மேல் தோலை ஒட்டவைத்தது போலிருக்கும். பிளாஸ்டிக் முகத்தைவிட இது எனக்கு அருவருப்பாகப் படும். எங்கே பிரிப்பது என்ற எல்லையும், அதாவது கீழ் லேயரை எத்தனை பிக்சல் அளவுக்குப் பிளர் செய்வது என்பதும் முக்கியம். எல்லை மிகச் சிறியதானால் இழையின் ஒரு பகுதி டோனோடு சேர்ந்து அழியும். மிகப் பெரியதானால் திட்டுகளும் இழை லேயருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மயிர்த்துளை மறைந்து, மூக்கின் உருவம் கலையாமல் இருக்கும் அளவே சரியான எல்லை. அது முகம் சட்டகத்தில் எத்தனை பெரிதாக இருக்கிறது என்பதைப் பொறுத்து படத்துக்குப் படம் மாறும்.

சுருக்கமாக: பிளர் என்பது சராசரி. மூலத்திலிருந்து சராசரியைக் கழித்தால் இழை. இரண்டையும் பிரித்து வைப்பது வசதிக்காக. கீழ் லேயரில் கை தாராளமாகப் போனால் முகத்தின் வடிவமே போய்விடும்.

## பென்சில் முனையும் இருட்டறையும்

நான் பெரும்பாலும் நாடுவது இதைவிடப் பழைய வழியை. அதன் வேர், ஒளியும் இருளும் தலைகீழாகப் பதிந்த நெகட்டிவிலிருந்து தாளில் படத்தை அச்சடித்த காலத்தில் இருக்கிறது.

ஜெர்மனியின் மியூனிக் நகரத்துப் புகைப்படக்காரர் ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல், 1855-இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில், ஒரே முகத்தின் திருத்திய படத்தையும் திருத்தாத படத்தையும் அருகருகே வைத்துக் காட்டினார், பார்த்தவர்கள் வியந்துபோனார்கள். அன்றைக்குத் திருத்தத்தின் தேவையும் அதிகமாகவே இருந்தது. அக்காலத்தில் படம் பதிந்த தகடுகள் நீல ஒளியை மட்டும் நன்றாக உணர்ந்தன, சிவப்பை ஏறக்குறைய உணரவேயில்லை. அதனால் நேரில் இளஞ்சிவப்பாக, அரைகுறையாகத் தெரிந்த பருவும் சிவந்த திட்டும் படத்தில் கறுப்புப் புள்ளிகளாக விழுந்தன.

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். முகத்தில் இருண்ட சுருக்கம் நெகட்டிவில் தெளிந்த கோடாக இருக்கும். அதன் வழியே ஒளி தாராளமாகப் பாய்ந்து, தாளில் அந்த இடத்தைக் கறுப்பாக்கும். ஆகவே டச்சிங் செய்பவர், அடியிலிருந்து வெளிச்சம் வரும் சாய்வு மேசையில் நெகட்டிவை வைத்து, ஊசி போலக் கூர்தீட்டிய பென்சிலால் அந்தத் தெளிந்த கோட்டின் மேல் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தொட்டுக்கொண்டே போவார். கரி ஒளியைச் சற்றுத் தடுக்கும். சுருக்கம் தாளில் வெளுக்கும். எவ்வளவு தொட வேண்டும் என்பது முழுக்கக் கைப்பழக்கம். சுருக்கம் மறையக் கூடாது, தணிய வேண்டும் என்பதே அந்த வேலையின் இலக்கணம். தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களிலும் இந்த மேசையும் பென்சிலும் பல்லாண்டுகள் புழங்கின.

அச்சடிக்கும் இருட்டறையிலும் இதே காரியம் வேறு வடிவில் நடந்தது. தாளின் ஓரிடத்துக்கு ஒளி போகாமல் கையாலோ அட்டையாலோ சிறிது நேரம் மறைத்தால் அந்த இடம் வெளுக்கும். இதற்கு டாட்ஜ் என்று பெயர். துளையிட்ட அட்டை வழியே ஓரிடத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி விட்டால் அது கறுக்கும், இது பர்ன். ஃபோட்டோஷாப்பில் அந்தக் கருவிகளின் சின்னம் ஏன் ஒரு குச்சியில் ஒட்டிய வட்டமாகவும், குவித்த கையாகவும் இருக்கின்றன என்று இப்போது புரிந்திருக்கும்.

கணினியில் இதைச் செய்வது எளிது, ஆனால் வேகமாகச் செய்ய முடியாது. ஒரு லேயர் வெளிச்சத்தைக் கூட்டும்; இன்னொன்று குறைக்கும். இரண்டும் தொடக்கத்தில் மறைக்கப்பட்டிருக்கும். நாம் தூரிகையால் தொட்ட இடத்தில் மட்டும், தொட்ட அளவுக்கு மட்டும் வேலை செய்யும். தூரிகையின் வலிமையை நூற்றுக்கு மூன்று நான்கு என்ற அளவில் வைத்துக்கொண்டு, கறுத்த திட்டை ஆறேழு முறை மென்மையாகத் தொட்டால், அது சுற்றுப்புறத்தோடு கலந்துவிடும். இதில் பிளர் எங்கும் வருவதில்லை. ஆகவே இழை அழிய வழியே இல்லை. 104-ஐ 122 ஆக்க 18-ஐக் கூட்டினோமே, அதைத்தான் கை இங்கே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறது. திட்டுகள் கண்ணில் தெளிவாகப் படுவதற்காக, மேலே ஒரு தற்காலிக லேயர் போட்டுப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, வேறுபாட்டைக் கூட்டி வைத்துக்கொள்வேன். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிடுவேன். ஒரு முகத்துக்கு அரை மணி நேரம் ஆகும். ஆயிரம் படம் உள்ள திருமணத்துக்கு இது கட்டுப்படியாகாது என்பதும் உண்மை. அங்கே பெரிதாக அச்சிடப் போகிற இருபது முப்பது படங்களுக்கு மட்டும் இதைச் செய்கிறேன்.

## பரு, மச்சம், புருவத்து வெட்டு

டோனைச் சரிசெய்வதால் மட்டும் தீராதவையும் உண்டு. பரு ஒரு மேடு. அதற்கு ஒளியும் நிழலும் தனியே இருக்கும். அதை எடுக்க, பக்கத்து நல்ல தோலைக் கொண்டுவந்து ஒட்டுப்போட வேண்டும். பழைய குளோன் ஸ்டாம்ப் கருவி பக்கத்துத் தோலை அதன் நிறத்தோடு அப்படியே பெயர்த்து வைக்கும். நிறம் சற்று வேறாக இருந்தால் ஒட்டு தெரியும். 2002-இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் 7-இல் அறிமுகமான ஹீலிங் பிரஷ், இழையை மட்டும் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு, டோனை ஒட்டப்படும் இடத்தின் ஓரங்களிலிருந்து கணக்கிட்டுக்கொள்கிறது. கிழிசலை அதே துணியின் நூலால் இழையோட்டித் தைத்தது போலிருக்கும். கன்னத்துப் பருவுக்குக் கன்னத்திலிருந்தே எடுக்க வேண்டும். நெற்றியின் இழை வேறு, மூக்கின் இழை வேறு.

எதை எடுப்பது என்பதுதான் பெரிய கேள்வி. இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடுவதை எடுக்கலாம். மற்றவற்றை, கேட்காமல் எடுக்கக் கூடாது என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் வழி. பரு, கொசுக்கடி, சவரத்தில் பட்ட வெட்டு, உதட்டு வெடிப்பு எல்லாம் போகலாம். மச்சம், அம்மைத் தழும்பு, பழைய காயம், சிரிப்புக்கோடு ஆகியவை அந்த மனிதருடையவை.

தொழிலுக்கு வந்த புதிதில் இதை ஓர் அம்மாவிடம் கற்றுக்கொண்டேன். அவருடைய கணவரின் அறுபதாம் கல்யாணத்துக்காகப் பெரிய படம் ஒன்று கேட்டிருந்தார்கள். பெரியவரின் இடது புருவத்தை ஒரு பழைய வெட்டு குறுக்காகப் பிளந்திருந்தது. நான் மிகுந்த சிரத்தையோடு புருவமயிரை ஒவ்வொன்றாக நட்டு அதை மூடியிருந்தேன். படத்தைக் கையில் வாங்கிய அந்த அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இவர் புருவத்துல ஒரு வெட்டு இருக்குமே, அதை எங்க வெச்சீங்க?" என்றார். லேயர்களையெல்லாம் ஒன்றாக்கிச் சேமித்துத் தொலைத்திருந்ததால், முதலிலிருந்து மறுபடியும் எல்லா வேலையையும் செய்தேன். அன்றிலிருந்து லேயர்களைப் பிரித்தே வைத்திருக்கிறேன். தழும்பைத் தொடுமுன் கேட்கவும் செய்கிறேன்.

## 'கலராக' காட்டுவது

நம் பேச்சு வழக்கில் 'கலர்' என்ற சொல்லுக்கே வெளுப்பு என்று பொருளாகிவிட்டது. "பொண்ணு நல்ல கலர்" என்றால் என்ன கலர் என்று எவரும் கேட்பதில்லை. அதனால் "கொஞ்சம் கலரா காட்டுங்க" என்பதும் ரீடச்சிங்கின் ஒரு பகுதி என்று எண்ணப்படுகிறது. அதை விரும்புவதா வேண்டாமா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். தொழில்நுட்பமாகவே அது ஏன் இயல்பாக அமைவதில்லை என்பதைப் பார்க்கலாம்.

தோலில் விழும் ஒளியில் ஒரு சிறு பங்கு மேற்பரப்பிலேயே பட்டுத் தெறிக்கிறது. அதுதான் நெற்றியிலும் கன்ன எலும்பிலும் தெரியும் பளபளப்பு. அதன் நிறம் தோலின் நிறமன்று, விளக்கின் நிறம். மீதி ஒளி தோலுக்குள் புகுந்து, மெலனின் என்னும் நிறப்பொருளாலும் இரத்தத்தாலும் ஒரு பகுதி உறிஞ்சப்பட்டு, எஞ்சியது சிதறி வெளியே வருகிறது. நாம் தோலின் நிறம் என்று சொல்வது இதைத்தான். மாநிறத்திலும் கறுத்த தோலிலும் உள்ளிருந்து திரும்பும் ஒளி குறைவு. மேற்பரப்பில் தெறிப்பது மட்டும் எல்லாத் தோலிலும் ஏறக்குறைய ஒரே அளவு. எனவே கறுத்த முகத்தின் வடிவத்தையும் இழையையும் நமக்குக் காட்டுவது பெரும்பாலும் அந்தப் பளபளப்புதான். கோயில் சிலையின் கருங்கல்லில் எண்ணெய் பூசியதும் மூக்கும் உதடும் உயிர்பெறுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

படத்தை வெளுப்பாக்கினால் நடுத்தர வெளிச்சம் உள்ள பகுதிகள் மேலே ஏறும். ஏற்கெனவே 255-ஐ நெருங்கி நிற்கும் பளபளப்பு மேலே ஏற இடமில்லை. இரண்டுக்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறது. முகம் தட்டையாகி, சாம்பல் பூத்தது போலாகிறது. அதோடு முகம் ஒரு நிறத்திலும், மருதாணி வைத்த கை வேறொரு நிறத்திலும், காதுமடல் மூன்றாவது நிறத்திலும் நிற்கும். திருமண ஆல்பங்களில் இதைப் பார்க்காதவர் இருக்க முடியாது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத நியாயமான திருத்தம் ஒன்று உண்டு. கேமராவின் ஒளிமானி, எதிரே உள்ள எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரவே முயலும். வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சுவரும் சட்டகத்தை நிறைத்தால், அது ஒளியைக் குறைத்துவிடும். கறுத்த முகம் இருளில் மூழ்கும். அப்படி நேர்ந்த முகத்தை, நேரில் இருந்த அளவுக்கு மேலே கொண்டுவருவது வெளுப்பாக்குவதாகாது. கேமரா செய்த பிழையைத் திருத்துவது. எதுவரை என்பதற்கு, அதே ஒளியில் இருக்கும் கழுத்தையும் புறங்கையையும் பார்த்தால் போதும்.

முகம் முழுவதும் ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்பதும் பிழையான எண்ணம். நம்மில் பலருக்கு நெற்றியும் வாயைச் சுற்றிய பகுதியும் கன்னத்தைவிடச் சற்றுக் கறுத்திருக்கும். அந்த வேறுபாட்டைத் தணிக்கலாம். துடைத்தெடுத்தால் முகமூடி ஆகிவிடும்.

## எங்கே நிறுத்துவது

திரையில் படத்தை மூன்று மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் மிகைத் திருத்தத்துக்கு முதற்காரணம். அந்த அளவில் மயிர்த்துளை கிணறு போலத் தெரியும். கை சும்மா இருக்காது. ஒரு படப்பிக்சல் திரையின் ஒரு பிக்சலாகத் தெரியும் நூறு சதவீத அளவே உச்சவரம்பு. அதிலும் அடிக்கடி படத்தைச் சுருக்கி முழுமையாகப் பார்க்க வேண்டும்.

ஆள் முழுதாக நிற்கும் படத்தில் ஐந்தரை அடி உயரம் 5,500 பிக்சலுக்குள் அடங்குகிறது. மில்லிமீட்டருக்கு மூன்று பிக்சல்தான். அங்கே மயிர்த்துளை பதிவாவதே அரிது. இல்லாத இழையை வழவழப்பாக்குவது வீண்வேலை. தோள்வரை எடுத்த படமும் 1,080 பிக்சல் அகலமுள்ள கைபேசித் திரைக்குச் சுருங்கும்போது ஏறக்குறைய அதே நிலையை அடைகிறது.

விளம்பர உலகில் இந்த எல்லையைச் சட்டமே வரையத் தொடங்கியிருக்கிறது. மாடலின் உடல்வடிவைக் கணினியில் மெலிதாக்கவோ பருமனாக்கவோ செய்த வணிகப் படங்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று பிரான்ஸ் 2017 அக்டோபரிலிருந்து விதித்தது. நார்வேயில் 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதி, விளம்பரங்களில் உடலின் வடிவம், அளவு ஆகியவற்றோடு தோலைத் திருத்தியிருந்தாலும் முத்திரை இட வேண்டும் என்கிறது.

என் மேசையில் நடப்பது இதைவிட எளிமையானது. திருத்தங்கள் எல்லாம் முடிந்ததும் அவற்றின் வலிமையை மொத்தமாக முப்பது சதவீதம் குறைத்துவிடுவேன். நெடுநேரம் ஒரே முகத்தைப் பார்த்த கண், தான் செய்த மிகைக்குப் பழகிப்போயிருக்கும். மறுநாள் காலை, 12×36 அங்குல ஆல்பத் தாளில் அந்த முகம் எந்த அளவில் அச்சாகுமோ அந்த அளவுக்குத் திரையில் சுருக்கி வைத்து, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். அப்போதும் கண்ணில் படுகிற திட்டு எதுவோ, அதற்கு உரிய லேயரை மட்டும் திறந்து இரண்டு தொடு தொட்டுவிட்டு, அச்சகத்துக்கு அனுப்பிவிடுவேன்.